தலைகீழ் நிப்பிள்

"மிதி."

"மிதிச்சேன்."

"பிடி."

"பிடிச்சேன்."

வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்த மெக்கானிக், பிரேக்கிலிருந்து காற்றை வெளியேற்றும் நிப்பிளை அரைச் சுற்றுத் திறந்து மூடினார். மேலே மனைவியின் காலுக்குக் கீழே பிரேக் பெடல் பழையபடி தரையைத் தொட்டது. மூன்று நாளாக இதே கூத்துதான்.

வண்டி அவருடைய சொந்த வண்டி, செல்லப்பிள்ளை. நாலு சக்கரமும் இழுக்கும் பழைய டிரக். அவரைவிட இரண்டே வயது இளையது. இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் 'யோசித்துச் சொல்கிறேன்' என்கிற ரகம். அதனால் டிரம் பிரேக்கோடு இருந்த முன் அச்சைக் கழற்றிப் போட்டுவிட்டு, டிஸ்க் பிரேக் வைத்த வேறு அச்சைப் பழைய இரும்புக் கடையிலிருந்து கொண்டுவந்து பொருத்தினார். கூடவே, பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரும் புதிது, மச்சான் கடையில் வாங்கியது. மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். இருபது வருடமாக உதிரிபாகம் விற்பவர்.

பெடல் நிற்கவில்லை. முதல் நாள் மனைவியைத் திட்டினார்: அவளுக்கு மிதிக்கத் தெரியவில்லையாம். இரண்டாம் நாள் சிலிண்டரைக் கழற்றிக்கொண்டு மச்சான் கடைக்கே போய், வாடிக்கையாளர்கள் ஏழெட்டுப் பேர் நிற்கையில் மேசைமேல் டொம்மென்று போட்டார்.

"டூப்ளிகேட்டை வித்து ஆளைக் கொல்லப் பாக்குறீங்களா மச்சான்?"

மச்சான் முகத்தில் ஈயாடவில்லை. வேறு கம்பெனிப் பெட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். சாயங்காலம் மனைவிக்கு விஷயம் தெரிந்தது. அதன் பிறகு 'மிதிச்சேன்', 'பிடிச்சேன்' தவிர அவளிடமிருந்து வேறு பேச்சில்லை.

இப்போது அந்த மாற்றுச் சிலிண்டரிலும் அதே கதை. எரிச்சலோடு நிப்பிளில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் குழாயைப் பார்த்தார். உள்ளே ஒரு காற்றுக் குமிழி, வெளியே வருவதற்குப் பதிலாக மெல்ல மேலேறி, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்குள்ளேயே மறுபடி போய்ச் சேர்ந்தது.

காற்று மேலேதானே போகும்? அப்புறம் நிப்பிள் ஏன் கீழே இருக்கிறது?

அடப்பாவி! கழுவிப் பெயின்ட் அடித்துக் காயவைத்த இரண்டு காலிப்பர்களில், இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருந்தார். மேலே நிற்கவேண்டிய நிப்பிள் இரண்டும் தரையைப் பார்த்துத் தொங்கின. காற்று மேல் மூலையில் சொகுசாக உட்கார்ந்திருந்தது. அவள் ஆயுள் முழுக்க மிதித்தாலும் அது வெளியே வராது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் கூடத்தைக் கட்டிய ஆளையே அவமானப்படுத்திவிட்டு வந்திருக்கிறார்.

முப்பது வருடம் டிரம் பிரேக்கில் ஊறிய கை. டிரம்மில் இந்த வம்பே கிடையாது. அதைச் சொல்லித் தன்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தார், வெட்கம் தீரவில்லை.

"எறங்கிப் போய்க் கொஞ்சம் டீ போடேன்," என்று அவளை உள்ளே அனுப்பிவிட்டு, திருடனைப் போல அவசர அவசரமாக மாற்றி மாட்டினார். கடைசி போல்ட்டை இறுக்கிவிட்டு வெளியே வந்தபோது, மட்கார்டின் மேல் இருந்த டீ ஆறி ஏடு கட்டியிருந்தது.

மறுபடி மிதித்தாள். கொஞ்ச நேரத்திலேயே பெடல் கல்லாக நின்றது.

"அப்போ அண்ணன் மொதல்ல குடுத்த சாமான்லதான் கோளாறா?"

அவர் "ம்" என்றார். ஒரே எழுத்து. அதைச் சொன்ன வாயில் பிரேக் ஆயிலை ஊற்றினாலும் தகும்.

"சரி, கடைக்கு வண்டியை விடுங்க," என்று பக்கத்து இருக்கைக்கு நகர்ந்தாள்.

கடை வாசலில் மச்சான் முதலில் கொடுத்த அதே கம்பெனிச் சிலிண்டர் பெட்டிகள் பதினொன்றை அடுக்கி வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் சிவப்பு மையில் 'விற்காதே' என்று எழுதியிருந்தது. வண்டியைப் பார்த்ததும் ஓடிவந்தார். நேற்றிருந்த ஆட்களில் பாதிப்பேர் இன்றும் நின்றார்கள்.

"மன்னிச்சிருங்க மாப்பிள்ளை. ராத்திரி பூரா கண்ணை மூடலை. அந்தப் பிரேக்கை நம்பி நீங்களும் தங்கச்சியும் இறக்கத்துல போயிருந்தா..." இறங்கிய மெக்கானிக்கின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

தப்புச் செய்தவன் கையைப் பிடித்து, ஒரு பாவமும் அறியாத மனுஷன் மன்னிப்புக் கேட்கிறார்! பூமி பிளந்து உள்ளே போய்விடக்கூடாதா என்றிருந்தது மெக்கானிக்குக்கு.

"சாமான் நல்ல சாமான் மச்சான்," என்றார். குரல் எழும்பவில்லை. நேற்று கத்திய அளவுக்காவது இன்று கத்தவேண்டாமா? "சாமான் நல்ல சாமான்! நான்தான் காலிப்பரை இடம் வலம் மாத்தி மாட்டித் தொலைச்சேன்! தப்பு என்மேல!"

கூட்டத்தில் ஒருவர் சிரிப்பை இருமலாக்கினார். மச்சான் குனிந்து முன்சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்தார். நிப்பிள் மேலே இருந்தது. நிமிர்ந்தவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. அவரோ ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மனைவி ஓட்டுநர் இருக்கைக்கு மாறி உட்கார்ந்தாள்.

"டீ கொண்டாந்து வெச்சப்பவே நீங்க மாத்தி மாட்டுறதைப் பாத்துட்டேன்," என்றாள். "உங்க வாயால சொல்வீங்களான்னுதான் கேட்டேன். 'ம்'முன்னீங்க."

"எங்க கிளம்பிட்ட?"

"வீட்டுக்கு. மூணு நாள் மிதிச்ச பிரேக், எனக்குப் பழக்கம்தான். மிச்சப் பெட்டியெல்லாம் உள்ள எடுத்து வெச்சிட்டு நடந்து வாங்க."

தெருமுனையில் டிரக் அழகாக நின்று திரும்பியது. மெக்கானிக் கிழிந்த துணி ஒன்றை மண்ணெண்ணெயில் நனைத்து, கைக்குக் கிடைத்த பெட்டியின் 'விற்காதே'வைத் தேய்க்க ஆரம்பித்தார். அட்டை கிழிந்ததே தவிர எழுத்து போகவில்லை.