கிளெம் பிரியர்லியும் அவனைப் பற்றிய கவிதையும்

என் தம்பி கிளெம்மைப் பற்றி ஒரு கவிதை இருக்கிறது. இங்கே பள்ளிக்கூடம் போன பிள்ளைகளில் பாதிப்பேருக்கு அது மனப்பாடம். எழுதியவர் லயனல் தர்ஸ்டன். இளம்வயதில் போரில் இறந்த கவிஞர் என்று புத்தகத்தில் அவர் படத்தைப் போட்டிருப்பார்கள். நெற்றியில் விழுந்த முடியும் எங்கோ பார்க்கிற கண்ணுமாக அழகாகத்தான் இருப்பார். எங்கள் ஹேவர்டன் ஊரில் அவர் எல்லாருக்கும் லயனல் சார். கம்பளி மில் அவர் அப்பாவுடையது. நான் அந்த மில்லில் தறி ஓட்டினேன். கிளெம்முக்கு அறுந்த நூலை முடி போடும் வேலை.

லயனல் சார் வெளியூரில் தங்கிப் படித்தவர். லீவுக்கு வந்தால் அவருக்குப் பேச்சுத்துணை கிடையாது. மில்லுக்குப் பின்னால் ஓடுகிற ஆற்றில் கிளெம் வெறும் கையால் மீன் பிடிப்பதைப் பார்த்து, தனக்கும் சொல்லித்தரச் சொல்லிக் கேட்டாராம். அதிலிருந்து கோடை முழுக்க இரண்டுபேரும் முழங்கால் தண்ணீரில்தான். முதலாளி பிள்ளையோடு என்னடா சிநேகம் என்று அம்மா திட்டுவாள். கிளெம் சிரிப்பான். அவனுக்கு அதெல்லாம் உறைக்காது.

போர் தொடங்கிய மறுவருஷம் லயனல் சார் அதிகாரி உடுப்பில் மில் முற்றத்துக்கு வந்து, ஒரு வண்டியின் மேல் ஏறி நின்று, என்னோடு வாருங்கள் என்று பேசினார். முதலில் தூக்கிய கை கிளெம்முடையது. வீட்டில் அம்மா இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. அதைக் கேள்விப்பட்டு அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் சமையலறையில் அவர் நிற்பது அதுதான் முதல் தடவை.

"மிஸஸ் பிரியர்லி, கிளெம் என் பிளட்டூன்லதான், எனக்குக் கீழதான் இருப்பான். அவனை நான் பாத்துக்கறேன். என்னை நம்புங்க."

அம்மா நம்பினாள். நானும்தான்.

மூன்றாவது குளிர்காலத்தில் ராணுவத்திலிருந்து தாள் வந்தது. பணியில் இருக்கும்போது இறந்தான் என்று மட்டும் போட்டிருந்தது. எப்படி, எங்கே, ஒன்றுமில்லை. அம்மா அந்த ஒற்றை வரியை என்னைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னாள், அடுத்த தடவை கொஞ்சம் கூடச் சொல்லுமோ என்பதுபோல.

வசந்தத்தில் லயனல் சார் லீவில் வந்தபோது நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். இளைத்துப்போயிருந்தார். குண்டு விழுந்ததாகவும், தான் பக்கத்திலேயே நின்றதாகவும், கிளெம்முக்கு வலியே தெரிந்திருக்காது என்றும் சொன்னார். கடைசி நிமிஷம்வரை எல்லாரையும் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தானாம். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சர்க்கரைக்கு அத்தனை பஞ்சமான காலத்தில், சேர்த்துச் சேர்த்து வைத்துச் செய்திருந்த பழக் கேக்கில் பெரிய துண்டாக வெட்டிக் கொடுத்தாள். ஒரு துகள் விடாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அந்த ஆகஸ்டில் அவரும் போரில் போய்விட்டார். மறுவருஷம் அவர் அம்மா கவிதைகளைப் புத்தகமாகப் போட்டார்கள். அதில் கிளெம்மின் பெயரிலேயே ஒரு கவிதை. எப்படித் தொடங்கும் என்றால்,

பனி படிந்த சுவரோரம் சாய்ந்திருந்தான்,
வேலைக்கு எழுப்ப மனம் வராமல்
அம்மா விட்டுவிட்டுப் போன பிள்ளைபோல.

முதல் தடவை வாசித்தபோது நான் தறியை நிறுத்திவிட்டு வெளியே ஓடிப்போய் அழுதேன். எங்கள் அம்மா நிஜமாகவே அப்படித்தான், குளிர்காலக் காலைகளில் அவனை எழுப்ப மனசில்லாமல் வாசலில் நின்றுகொண்டிருப்பாள். இதையெல்லாம் கிளெம் இவரிடம் சொல்லியிருக்கிறான், இவரும் மறக்காமல் வைத்திருந்திருக்கிறார் என்று நினைத்தால் அந்த மனிதர்மேல் உயிரையே வைத்துவிட்டேன். மறைப்பானேன், அந்த வரிகளை எழுதிய கையை நான் காதலித்தேன் என்றே சொல்லலாம். குண்டு விழுந்த பள்ளத்தில் சுவர் எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒவ்வொரு நவம்பரிலும் போர் முடிந்த நாளில் தேவாலயத்தில் அதை வாசித்தார்கள். அம்மா முன்வரிசையில் லயனல் சாரின் அம்மா மிஸஸ் தர்ஸ்டனுக்குப் பக்கத்தில் உட்காருவாள். ஒரு மில் கூலிப் பையனுக்காக வெளியூர்க்காரர்கள் வந்து தொப்பியைக் கழற்றினார்கள். போர் முடிந்து பத்து வருஷம் ஆனபோது ஊர் நூலகத்தில் லயனல் சாருக்கு ஒரு நினைவுக் கல் வைக்க முடிவானது. அதைத் திறந்துவைக்கப்போவது கிளெம்மின் தாய் என்று பேப்பரில் போட்டார்கள்.

அந்தப் பேப்பரைப் பார்த்துவிட்டுத்தான் ஏமஸ் ஹேக் வந்தார். பக்கத்துப் பள்ளத்தாக்கில் கல்குவாரியில் வேலை செய்பவர், கிளெம்மோடு அதே பிளட்டூனில் இருந்தவர். மில் வாசலில் எனக்காகக் காத்திருந்து, டீக்கடைக்குக் கூட்டிப்போனார்.

"உங்கம்மா அந்தக் கல்லு மேல போட்ட துணிய விலக்கறத என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாதும்மா," என்றார். "கிளெம் குண்டு விழுந்து சாகல. நம்ம ஆளுங்களே சுட்டாங்க."

எனக்குப் புரியவில்லை. தவறிப்போய்ச் சுட்டார்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அந்த இலையுதிர்காலச் சேற்றில் ஒரு குண்டு கிளெம்மை மண்ணோடு புதைத்ததாம். தோண்டி எடுத்ததிலிருந்து அவன் கை நடுங்கிக்கொண்டே இருந்ததாம். அப்புறம் ஒருநாள் ஆளைக் காணோம். பின்னால் எங்கோ ஒரு பண்ணையில் ராணுவப் போலீஸ் அவனைப் பிடித்து, ஓடிப்போனவன் என்று ராணுவக் கோர்ட்டில் நிறுத்தினார்கள். கிளெம் பயப்படவே இல்லையாம். லயனல் சார் எனக்காகப் பேசுவார், நீங்கள் வேண்டுமானால் பாருங்கள் என்று காவலுக்கு நின்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தானாம்.

"பேசினாரா?" என்றேன்.

"கூப்பிட்டாங்க, வந்தார். இந்த ஆள் இனிமே சண்டைக்கு ஆவானான்னு கேட்டாங்க. ஆக மாட்டான் சார்னார். வேற ஏதாவது சொல்லணுமான்னு கேட்டாங்க. இல்லைன்னுட்டார். வாசல்ல நான்தான் காவல், என் காதால கேட்டேன்."

"ஏன் அப்படிச் சொன்னார்?"

"ஆளுங்ககிட்ட ரொம்ப இளக்கமா இருக்கீங்கன்னு அதுக்கு முன்னாடிதான் கர்னல் அவரைத் திட்டியிருந்தார். அதுவா இருக்கலாம். அவர் சொன்னது பொய்யும் இல்ல ஹானா, கிளெம்மால துப்பாக்கியப் பிடிக்கக்கூட முடியல. ஆனா மத்தவங்களுக்கெல்லாம் அந்த மனுஷன் பொய் சொல்லிக் காப்பாத்தியிருக்கார். என்னையும்தான்."

ஒரு பண்ணைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்களாம். விடியற்காலை, பனி விழுந்திருந்ததாம். சுடுவதற்கு எங்கிருந்து ஆள் எடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. ஏமஸின் முகத்தைப் பார்த்தபோது கேட்க வேண்டியிருக்கவும் இல்லை.

அங்கே கோர்ட்டில் உண்மையைச் சொன்னவர் எங்கள் சமையலறையில் உட்கார்ந்து பொய் சொன்னார். அம்மாவின் கேக்கைத் தின்றார்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் மில் முதலாளியின் பெரிய வீட்டுக்குப் போனேன். மிஸஸ் தர்ஸ்டன் கல் திறப்புக்கு வருகிற விருந்தாளிகளுக்காகப் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். ஏமஸின் பெயரைச் சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொன்னேன். அதிர்ந்துபோவார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்கள் கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

"இத்தனை வருஷம் கழிச்சு யார் உங்கிட்ட சொன்னது?"

அப்போதுதான் அவர்களுக்கும் தெரியும் என்பது எனக்குத் தெரிந்தது. எங்கள் வீட்டுக்கு வந்துபோன அன்றைக்கே மகன் மடியில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அதை வைத்துக்கொண்டுதான் பத்து வருஷமாக என் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் அழும்போது கைக்குட்டை நீட்டியிருக்கிறார்கள்.

"அவன் பட்ட பாடு உனக்குத் தெரியாது, ஹானா," என்றார்கள்.

"யாரு மேடம்?"

அவர்கள் முகம் சிவந்தது. அந்தக் கவிதையே ஒரு மன்னிப்புதான், உனக்கு வாசிக்கத் தெரிந்தால் புரியும் என்றார்கள்.

"மன்னிப்பு கேக்கறதா இருந்தா எங்க வீட்டுல கேட்டிருக்கணும் மேடம். உலகத்துக்கிட்டயெல்லாம் கேட்டுட்டு எங்களை மட்டும் விட்டுட்டார்."

வேலையை விட்டு நீக்குவார்கள் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் செய்யவில்லை. உன் அம்மாவுக்காக யோசி என்று மட்டும் சொன்னார்கள். அந்தப் பேச்சு எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. போன வேகத்தில் வீட்டுக்கு வந்து அம்மாவை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அம்மா கல் திறப்புக்குப் போட்டுக்கொள்ள வேண்டிய கறுப்புக் கோட்டைத் துலக்கிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடித்த பிறகும் துலக்கினாள்.

"நீ போகக் கூடாதும்மா," என்றேன்.

"போவேன்."

"உன் பிள்ளையக் காட்டிக்குடுத்தவனுக்குக் கல்லு வைக்கப் போறியா?"

அப்போதுதான் நிமிர்ந்தாள். "என் பிள்ளையப் புதைச்ச இடம் எனக்குத் தெரியாது. அவன் போட்டோ ஒண்ணு நம்மகிட்ட உண்டா? அந்தப் பாட்டைத் தவிர அவனோடது என்கிட்ட என்னடி இருக்கு? அதையும் புடுங்கிட்டு எனக்கு என்ன குடுக்கப் போற?"

அம்மா போனாள். துணியை விலக்கினாள், எல்லாரும் கைதட்டினார்கள், மிஸஸ் தர்ஸ்டன் அவளைக் கட்டிக்கொண்டார்கள். நான் கடைசி வரிசையில் நின்று பார்த்தேன். அன்றைக்கு என் தம்பியை என் அம்மாவும் விட்டுக்கொடுத்துவிட்டாள் என்றுதான் எனக்குப் பட்டது. அவள் சாகும்வரை இரண்டுபேரும் ஒரே வீட்டில் இருந்தோம், ஒரே மேஜையில் சாப்பிட்டோம், கிளெம்மின் பெயரை மட்டும் பேசிக்கொள்ளவில்லை.

அம்மா போன பிறகு, லயனல் சாரின் வாழ்க்கையை எழுதுவதற்காக லண்டனிலிருந்து கார்மைக்கேல் என்று ஒருவர் வந்தார். மிஸஸ் தர்ஸ்டனும் அதற்குள் இறந்துவிட்டிருந்தார்கள். இனி யாருக்காக மறைக்க என்று நானே தேடிப்போய்ச் சொன்னேன். ஏமஸும் வந்து சொன்னார். கார்மைக்கேல் பொறுமையாகக் கேட்டார், எழுதிக்கொண்டார், இரண்டு கையாலும் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

புத்தகம் வெளிவந்தபோது எங்கள் நூலகத்திலேயே அவர் பேசினார். கூட்டம் நிரம்பி வழிந்தது. நடந்ததை ஒளிக்காமல் சொன்னார், அதில் குறையில்லை. ஆனால் சொல்லிவிட்டு, அந்தக் குற்ற உணர்ச்சி இல்லாவிட்டால் இப்படிப்பட்ட கவிதை பிறந்திருக்காது, ஒரு சாதாரண இளைஞனை அந்த விடியல்தான் மகாகவியாக்கியது என்றார். ஜனங்கள் உருகிப்போனார்கள். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண்மணி, பாவம், எவ்வளவு தவித்திருப்பார் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கிளெம்மைப் பற்றிய பக்கத்தில் ஓடிப்போன சிப்பாய் என்று போட்டிருந்தது. மறுவாரமே மில்லில் இரண்டு பெண்கள் நான் வந்ததும் பேச்சை நிறுத்தினார்கள்.

அன்றைக்குக் கூட்டம் முடிவதற்குள் நானும் ஏமஸும் எழுந்து வெளியே வந்துவிட்டோம். அவருடைய பஸ் வருகிறவரை நிழற்குடையில் உட்கார்ந்தோம். அத்தனை வருஷமும் நான் கேட்கப் பயந்த ஒன்றை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"அவன் ஏன் போனான் ஏமஸ்? பயந்துட்டானா?"

"எல்லாரும்தான் பயந்தோம்," என்றார். "ஆனா அவன் போனது அதுக்கில்ல. ரெண்டு நாளா ஒரு மாடு கத்திக்கிட்டே இருந்துது. பண்ணைக்காரங்க விட்டுட்டு ஓடிட்டாங்க, கறக்க ஆளில்லாம மடி கட்டிப்போச்சு. கிளெம்மால அந்தச் சத்தத்தத் தாங்க முடியல. போய்க் கறந்திருக்கான். நடுங்கற கையி அந்த வேலைக்கு மட்டும் நடுங்கலையாம், அதனால அங்கேயே இருந்துட்டான். பிடிக்க வந்த போலீசுக்குக்கூட ஒரு குவளை பால் குடுத்தானாம்."

"இதைக் கோர்ட்டுல சொன்னானா?"

"சொன்னான். சிரிச்சாங்க."

"லயனல் சாரு?"

"அவர் சிரிக்கல. குனிஞ்சு பூட்ஸையே பாத்துக்கிட்டிருந்தார்."

பஸ் வந்தது. ஏமஸ் ஏறிப்போனார். உள்ளே நூலகத்தில் யாரோ அந்தக் கவிதையை உரக்க வாசிப்பது தெருவரைக்கும் கேட்டது. நான் வீட்டுக்கு நடந்தேன்.