கோலில் நின்ற சேது

சேது கோல்கீப்பராக நின்ற நேரங்களிலெல்லாம் சுங்கை செம்பிலாங் கடற்கரையில் இருந்தான். அங்கே சிப்பி பொறுக்கியவர்கள் அவனைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். அதே வேளையில் கோல சிலாங்கூர் திடலில் அவன் பாய்ந்து பந்தைத் தடுத்ததை ஊரே பார்த்திருக்கிறது. இரண்டு பக்கமும் பொய் சொல்லக்கூடிய ஆட்கள் இல்லை.

தோட்டத்து எண்ணெய் ஆலையில் வேலை செய்தவன் அவன். எண்பத்திரண்டாம் ஆண்டில் மஸ்தான் நானா அவன் உயரத்தைப் பார்த்துக் கோலில் நிறுத்தினார். நானாவுக்கு பஸ் நிலையத்துக்கு எதிரே சாப்பாட்டுக் கடை. வட்டார ஹேண்ட்பால் குழுவுக்கும் அவர்தான் மேனேஜர். முதல் ஆட்டத்தில் நடுவர் விசில் ஊதியதும் சேதுவின் காலடியில் சேறு, எதிரே கடல். முதல் பாதி முடிந்த விசிலுக்கு மறுபடி திடலில் இருந்தான். தோளைத் தட்டினார்கள், ஆரஞ்சுச் சுளையை வாயில் திணித்தார்கள், "என்னடா மீன் வாடை?" என்று மூக்கைப் பிடித்தார்கள். எத்தனை பந்து பிடித்தேன் என்று அவன் கேட்டதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வோர் ஆட்டத்திலும் இப்படியே நடந்தது.

சீக்கிரமே சுங்கை பெசாரிலிருந்து ரவாங் வரை அவன் பேர் பரவியது. பிறந்த பிள்ளைகளுக்குச் சேது என்று வைத்தார்கள். பத்திரிகைப் படத்தில், ஒரு கால் காற்றில், விரலெல்லாம் விரிந்து, யாரோ ஒருவன் பறந்தான். மூக்கு தன் மூக்குதான். அந்தத் துணிச்சல் யாருடையது என்றுதான் சேதுவுக்கு விளங்கவில்லை. நானாவிடம் சொல்லிப் பார்த்தான்.

"நீ எங்க போனா என்ன லா தம்பி, பந்து உள்ள போகலைல்ல?" என்றார் அவர், ரொட்டி மாவை வீசியபடி.

கடற்கரையில் சிப்பி தரம் பிரிக்கும் கொட்டகையில் அமராவதி வேலை பார்த்தாள். ஒன்றாம் எண் சட்டையோடு வந்து முழித்தவனிடம் முதலில் பேசியவள் அவள்தான். "சும்மா நிக்கிறதுக்கு இந்தக் கூடையப் பிடிங்க." அவனும் பிடித்தான். பேச்சு நடுவில் அவன் மறைந்துபோவான். இடைவேளை முடிந்து வந்ததும் விட்ட வார்த்தையிலிருந்து அவள் தொடர்வாள். ஆட்டமே இல்லாத மாதங்கள் இருவருக்கும் கசந்தன.

எண்பத்தாறில் மாநில இறுதியாட்டம் வந்தது. "அப்படி யாருதான் பந்தப் பிடிக்கிறாருன்னு பாத்துட்டு வரேன்" என்று அமராவதி திடலுக்கு பஸ் ஏறிவிட்டாள். அன்று சேது ஆளில்லாத கொட்டகையில் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். இடைவேளையில் திடலின் கூட்டத்தில் தேடியும் அவள் கண்ணில் படவில்லை. கடைசி விசிலுக்குத் திடலில் அவனைத் தோளில் தூக்கியிருந்தார்கள். கூட்டத்தில் அமராவதி அழுதுகொண்டிருந்தாள். இறங்கி ஓடினான்.

"நல்லாத்தான் பிடிக்கிறாரு. இடைவேளைக்கு முன்ன கோல் பக்கம் போயிக் கூப்பிட்டேன். 'யாரு நீ'ங்கிற மாதிரி பாத்தாரு."

"அது நான் இல்ல, அமராவதி."

"அப்ப யாரு?"



அன்றே குழுவிலிருந்து விலகினான். பிறகு சுங்கை செம்பிலாங்குக்கு எல்லாரையும் போல பஸ்ஸில் போனான். அது தாமதமாகத்தான் வந்தது. ஆனால் அடுத்த ஆட்டத்திலும் கோலில் சேது நின்றான். அந்நேரம் அவன் ஆலையில் கொதிகலன் பக்கம் நின்றதற்கு கணக்கெழுதும் கிராணியே சாட்சி. பதக்கங்கள் மட்டும் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தன. திருப்பிக் கொடுக்கலாமென்றால், யாரிடம் கொடுப்பது?

எண்பத்தெட்டில் அமராவதிக்கு அவன் தாலி கட்டிய அன்று சுங்கை பெசாரில் ஓர் ஆட்டம். பந்தி நடக்கையில் நானாவும் குழுவும் வேர்வையோடு வேனில் வந்திறங்கினார்கள். நானா கோப்பையை மாப்பிள்ளை கையில் வைத்தார். "ஒன்னு கூட விடல தம்பி. அபாரம்!"

சேது மாலையைச் சரிசெய்துகொண்டு வாங்கினான். "சந்தோஷம் நானா" என்றான். வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை.

"கோல்ல நின்னவரு சாப்பிட்டாரா?" என்றாள் அமராவதி.

"தே தண்ணி குடிச்சாரு. பஸ் ஏறிப் போயிட்டாரு."

"எங்க?"

"கேக்கலையேம்மா."

அவள் அவருக்கென்று லட்டும் முறுக்கும் பொட்டலம் கட்டச் சொன்னாள். நானா அதை வாங்கி வேனின் முன்சீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு, கை கழுவிப் பந்தியில் உட்கார்ந்தார்.