பத்தாயிரத்து ஒன்றாவது டைல்

துணி ஆலையின் முன்கூடத்துச் சுவரில், அங்கே இதுவரை வேலை பார்த்த அத்தனை பேரின் பெயரும் ஏற வேண்டும். ஆளுக்கு ஒரு இரண்டங்குல டைல். எதையும் வெட்டக் கூடாது, டைல்கள் சேரும் செவ்வகத்தில் ஓரிடமும் காலியாக இருக்கக் கூடாது என்பது மேலாளரின் உத்தரவு. பட்டியலில் கச்சிதமாகப் பத்தாயிரம் பேர். டைல்காரி நூறுக்கு நூறு என்று சுவரில் கோடு போட்டு முடித்திருந்தாள்.

அப்போதுதான் கேண்டீன் சமையல்காரி தன் பெயர் எழுதிய டைலோடு வந்து நின்றாள். இருபத்திரண்டு வருடம் சமைத்தவள். ஒப்பந்த ஆள் என்பதால் பட்டியலில் ஏறவில்லை. போதாக்குறைக்கு, டைல்காரியின் அண்ணன் மனைவி.

"சாயந்திரத்துக்குள்ள இடம் பண்ண முடிஞ்சா ஒட்டுங்க. இல்லேன்னா நூறுக்கு நூறுதான்" என்று சொல்லிவிட்டு மேலாளர் போய்விட்டார்.

நான்கு மணிக்கு டைல்காரி பசைப் பையின் பின்பக்கத்தில் எழுதிய கணக்கைக் காட்டினாள்.

"எதுலயும் வகுபடல அண்ணி. ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழுன்னு வரிசையா போட்டுப் பார்த்துட்டேன். பத்தாயிரத்தொண்ணு யாரோடயும் ஒத்துப்போகாத எண்."

"என்னை மாதிரின்னு சொல்றே."

"நான் சொல்லல. அண்ணன் சொல்வாரு."

"அவரை வீட்ல பார்த்துக்கறேன். எதுவரைக்கும் போட்டே?"

"எழுபத்தொண்ணு. நூறைத் தாண்டிப் பார்க்க வேண்டியதில்ல. ஒரு பக்கம் நூறுக்கு மேல போனா, இன்னொரு பக்கம் நூறுக்குள்ள வந்துதானே ஆகணும்?"

"அப்போ நூறு வரைக்கும் போட வேண்டியதுதானே? ஏன் எழுபத்தொண்ணுல நின்னே?"

"டீ வந்துச்சு."

"யாரு அனுப்புனா?"

"நீங்கதான்."

சமையல்காரி பென்சிலைப் பிடுங்கிக்கொண்டாள். எழுபத்திரண்டு இரட்டை எண், விட்டாள். அடுத்தது எழுபத்து மூன்று. நூறில் ஒரு தடவை, மீதி இருபத்தேழு. சைபரை இறக்கினாள்: மூன்று தடவை, மீதி ஐம்பத்தொன்று. கடைசி ஒன்றை இறக்கினாள். ஐந்நூற்றுப் பதினொன்று. ஏழு தடவை.

மீதி இல்லை.

"நூத்தி முப்பத்தேழு" என்றாள் மெதுவாக. சத்தமாகச் சொன்னால் எண் ஓடிவிடும் என்பதுபோல.

டைல்காரி அளவு நாடாவை இழுத்தாள். அகலத்தில் நூற்று முப்பத்தேழு டைல், இருபத்து மூன்று அடிக்குள்; உயரத்தில் எழுபத்து மூன்று, பன்னிரண்டேகால் அடிக்குள். சுவர் தாராளமாகக் கொள்ளும். பழைய கோடுகளையெல்லாம் ஈரத்துணியால் துடைத்துப் புதிதாக இழுத்தாள். இழுத்த பிறகுதான் ஒன்று கண்ணில் பட்டது. நூறுக்கு நூறில் நடு என்று ஒரு கட்டமே கிடையாது. நாலு மூலை சந்திக்கும் ஒரு புள்ளிதான். இங்கே இரண்டு பக்கமும் ஒற்றைப்படை. நட்ட நடுவில் ஒரே ஒரு கட்டம்.

"மேலாளரை அங்க வைக்கணும் அண்ணி. அதான் மரியாதை."

"அவர் வெக்கை தாங்க மாட்டார். ஜன்னல் ஓரமா, காத்து வர்ற இடமாப் பார்த்துக் குடு."

டைல்காரி சிரித்துக்கொண்டே நடுக்கட்டத்தில் பசையைத் தடவினாள். வாசலில் டம்ளர்கள் உரசும் சத்தம் கேட்டது. கை தானாக நின்றது.

"முதல்ல ஒட்டு. டீ எங்கயும் போயிடாது" என்றாள் அண்ணி, தன் டைலை நீட்டியபடி.