சிவப்புப் பக்கம்

ஹ்வாங்போ தீவில் சேவலுக்கு வேலையில்லை. விடிந்ததும் ஊர்த்தலைவர் ப்யோ மைக்கைத் தட்டுவார். கம்பங்களில் கட்டிய ஒலிபெருக்கிகளில் முதலில் ஒரு பழைய காதல் பாட்டு கரகரக்கும், பிறகு அவர் குரல் வரும். யார் வீட்டு நாய் யார் முட்டைக்கோஸைத் தோண்டியது, கப்பல் இன்று வருமா வராதா, எல்லாம் அதில்தான் தெரியும். அன்று வந்தது புதுச் செய்தி.

"ஆ, ஆ, கேக்குதா? கூட்டுறவுச் சங்கத்துல இருந்து அறிவிப்பு. இனிமே சங்கத்துல இருக்கற உங்க பணத்தை வீட்டுல உக்காந்தே போன்ல பாத்துக்கலாமாம், அனுப்பிக்கலாமாம். திறந்தா சிவப்பா ஒரு பக்கம் வரும். யாரும் பயப்பட வேணாம். கீழ சின்ன எழுத்துல 'தொடர்க'ன்னு இருக்கும், அதைத் தொட்டா போதும். திரும்பச் சொல்றேன், சிவப்பு வந்தா பயம் வேணாம்!"

இந்த வாசகத்தை எழுதிக்கொடுத்தவன் மின்-க்யூ. சங்கத்தில் கணினி தெரிந்த ஒரே ஆள். ஒப்பந்த வேலை, நீடிக்குமா என்பது பிரிவுத் தலைவர் பாங்கின் கையில் இருந்தது.

அந்தச் சிவப்புப் பக்கம் வராமலே இருந்திருக்கலாம். இணையத்தில் ஒரு தளம் திறந்தால், 'இது இன்னாருடையதுதான்' என்று போன்களுக்குத் தெரிந்த ஒரு நிறுவனம் பாதுகாப்புச் சான்று தர வேண்டும். அது இருந்தால் போன் பேசாமல் உள்ளே விடும். மின்-க்யூ அதைத்தான் கேட்டுப் பார்த்தான்.

"வெளியில வாங்கணும்னா தலைமைச் சங்கத்துக்கு எழுதணும்ப்பா. அவங்க ஆயிரம் கேள்வி கேப்பாங்க" என்றார் பாங், பல் குத்திக்கொண்டே. "திறப்பு விழாவுக்கு மாவட்டத்துல இருந்து பெரிய ஆளுங்க வர்றாங்க. நீயே ஒண்ணு செஞ்சு மாட்ட முடியாதா?"

"முடியும் சார். ஆனா அது நமக்கு நாமே குடுத்துக்கற சான்று. போன் நம்பாது. எச்சரிக்கை காட்டும். வீடு வீடாப் போயி அவங்கவங்க போன்ல நம்ம சான்றைப் பதிஞ்சு குடுத்தா காட்டாது."

"வீடு வீடாவா? இந்த வேலை நேரத்துல உனக்குக் கதவு திறக்க எவன் இருக்கான்? காட்டினா காட்டட்டும். தொட்டுட்டு உள்ள போகச் சொல்லு. ஒண்ணும் ஆகாது."

ஒண்ணும் ஆகாது. அந்த அலுவலகத்தில் நாற்காலிகளுக்கு வாய் இருந்தால் அவையும் இதைத்தான் சொல்லும். மின்-க்யூவுக்கு அது தப்பு என்று தெரியும். ஆனாலும் தலையை ஆட்டினான். சான்றைத் தானே உருவாக்கி, சர்வரில் ஏற்றி முடித்தபோது மதியத்துக்குச் சொல்லியிருந்த நூடுல்ஸ்கூட வந்திருக்கவில்லை.

ஊர்ப் பொதுக்கூடத்தில் பயிற்சி வகுப்பு நடந்தது. வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கும் கிம்ச்சி ஊறுகாயும் நடுவில். ரப்பர் பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டுப் பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். அவர்களில் ஒருத்தி சுன்-ரியே. ஐம்பதைத் தாண்டியவள், கடலில் கூண்டு கட்டி அபலோன் நத்தை வளர்ப்பவள். போன வருடப் புயல் கூண்டுகளையும் நொறுக்கி, அவள் கணவன் தொக்-மானின் இடுப்பையும் ஒடித்துப் போட்டிருந்தது. காப்பீட்டுப் பணம் அப்போதுதான் சங்கக் கணக்கில் ஏறியிருந்தது. கோடையில் கடல் தண்ணீர் சூடேறுவதற்குள் அந்தப் பணத்தில் குஞ்சு நத்தை வாங்கி விட்டால்தான் இனிப் பிழைப்பு. அவர்களுக்கு வேறு வழியே கிடையாது.

திரையில் சிவப்பு வந்ததும் அவள் போனைக் கீழே போடப் பார்த்தாள்.

"ஐயோ தம்பி, இது என்னத்துக்கோ திட்டுதே!"

"திட்டலக்கா, சும்மா மிரட்டுது. புது மாப்பிள்ளை முதல் தடவை வீட்டுக்கு வந்தா நாய் குரைக்குமில்ல, அந்த மாதிரிதான்."

"எங்க வீட்டு நாய் மாப்பிள்ளை பேன்ட்டையே கிழிச்சிருச்சு!" என்றாள் ஒருத்தி. கூடம் சிரித்துப் புரண்டது. எழுத்தைப் படித்துப் பார்க்க அவர்களுக்குக் கண்ணாடி வேண்டும், பொறுமையும் வேண்டும். அதனால் மின்-க்யூ கைதட்டிப் பாட வைத்தான். "சிவப்பு வந்தா பயமில்ல! கீழ தொடு, உள்ள போ!" எல்லாரிலும் சத்தமாகப் பாடியவள் சுன்-ரியே. வகுப்பு முடிந்ததும் பக்கத்து வீட்டுக்காரிகளுக்கு அவளே சொல்லிக்கொடுத்தாள். இந்த வயதில் ஒன்றைக் கற்றுக்கொண்டோம் என்ற பெருமை அவளுக்குத் தாங்கவில்லை.

குஞ்சு நத்தைக்குச் சொல்லிவைத்திருந்த வாரம். படகுத்துறையில் கடற்பாசி கட்டிக்கொண்டிருந்தவளுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. புயல் நிவாரணத்தின் மீதித் தொகை காத்திருக்கிறது, கணக்கை உறுதி செய்யுங்கள் என்றது. தொட்டாள். சிவப்புப் பக்கம் விரிந்தது.

இந்தச் சிவப்பு வேறு. அந்த முகவரி திருடர்களுடையது என்று போனுக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சின்னப் பெட்டி தன்னால் ஆன மட்டும் கத்தியது. சுன்-ரியே ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். கீழே தொட்டாள், உள்ளே போனாள். கேட்ட எண்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டாள்.

"பாத்தியா, நானே செஞ்சிட்டேன்" என்றாள் வீட்டுக்குப் போய். படுக்கையில் இருந்த தொக்-மான், "பரவாயில்லையே, படிச்ச பொண்ணுதான்" என்று கேலி செய்தான்.

மறுநாள் சங்கத்தில் அவள் கணக்கு காலியாக இருந்தது. போலீஸ்காரர், பணம் நாட்டைத் தாண்டிவிட்டது, திரும்ப வரும் என்று நம்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சுன்-ரியே நேராக மின்-க்யூவின் மேசைக்கு வந்தாள். அழவில்லை. போனை நீட்டினாள்.

"தம்பி, நீ சொன்னபடியேதான் செஞ்சேன். எந்த இடத்துல தப்பு விட்டேன்னு கொஞ்சம் காட்டேன்."

அவன் குறுஞ்செய்தியைத் தொட்டான். சிவப்புப் பக்கம் வந்தது.

"என்ன எழுதியிருக்கு? கண்ணாடி கொண்டாரல. நீ படி."

"இது... ஏமாத்துற பக்கம், உள்ள போகாதீங்க, உங்க பணத்தைத் திருடலாம்னு எழுதியிருக்குக்கா."

அவள் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"அப்ப நாய் சரியாத்தான் குரைச்சிருக்கு" என்றாள்.

பிரிவுத் தலைவர் பாங்குக்கு இதில் பெரிய வருத்தமில்லை. "படிக்காமத் தொட்டது அந்தம்மா. நாம என்னப்பா செய்ய முடியும்? மோசடிக்காரங்க கிட்ட ஜாக்கிரதைன்னு ப்யோவ விட்டு ஒரு அறிவிப்புக் குடு. சங்கத்துப் பேரு வரக் கூடாது, ஆமா." தலைமைச் சங்கத்துக்கும் அன்றே எழுதினார். முறையான சான்று அந்த வாரத்திலேயே வந்துவிட்டது. ஒரு கேள்விகூட யாரும் கேட்கவில்லை. மின்-க்யூ அதை சர்வரில் ஏற்றினான். சிவப்புப் பக்கம் மறைந்தது. அவனுக்கு அந்தத் திரையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அடுத்த நாள் விடியற்காலை ஊர்த்தலைவர் வீட்டுக்குப் போய், பாட்டு முடிவதற்குள் மைக்கை வாங்கினான்.

"நான் சங்கத்து மின்-க்யூ பேசறேன். சிவப்பு வந்தா பயப்படாதீங்கன்னு உங்களுக்குச் சொல்லிக்குடுத்தது நான்தான். அது தப்பு. சங்கம் தன் வேலை சுலபமாகணும்னு எச்சரிக்கையைத் தாண்டிப் போக உங்களைப் பழக்கிருச்சு. சுன்-ரியே அக்கா மேல ஒரு குத்தமும் இல்ல. எச்சரிக்கையை மதிக்காதேன்னு ஜனங்களுக்குச் சொல்லிக்குடுக்கறவன் திருடனுக்குக் கதவைத் திறந்து விடறான். இனிமே சிவப்பு வந்தா நில்லுங்க. படிங்க. புரியலன்னா கேளுங்க. யார் தொடச் சொன்னாலும் தொடாதீங்க. நானே சொன்னாலும் தொடாதீங்க."

அவன் பேசி முடிப்பதற்குள் சட்டைப்பையில் போன் அதிர ஆரம்பித்திருந்தது. பாங். அவன் எடுக்கவில்லை. வேலை போனது போனதுதான் என்று தெரிந்துகொண்டே படகுத்துறைக்கு நடந்தான்.

துறையில் சுன்-ரியே ஒரு துணி மூட்டையோடு முதல் கப்பலுக்குக் காத்திருந்தாள். எதிர்க்கரையில் மீன் பதனிடும் ஆலையில் வேலை, தங்குவதும் அங்கேயே. தொக்-மானுக்குக் கஞ்சி வைக்கப் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லியாயிற்று. அவள் கூண்டுகள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. கம்பத்து ஒலிபெருக்கி அவள் தலைக்கு மேலேயே இருந்தது.

"அக்கா..." என்றான்.

"கேட்டேன் தம்பி. நல்லாத்தான் பேசின."

கப்பல் வந்து பலகையைப் போட்டது. அவள் மூட்டையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நீ எங்களுக்குச் சொல்லிக்குடுத்த அன்னைக்கும் அந்த மைக்கு அங்கதான இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் பலகையில் ஏறினாள்.