கட்டைவிரல் போன இடம்

நாலே தந்தி உள்ள அந்தக் குட்டி உகுலேலேயை நான் உறையிலிருந்து எடுத்ததும் டிரம்ஸ்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எங்கள் மெல்லிசைக் குழுவில் அவருக்கு இடி என்று பெயர்.

"இது வளந்தா கிடார் ஆயிடுமா?" என்றார். நானும் சிரித்துவைத்தேன்.

இந்தக் குழுவில் இருபது வருடமாக, பாட்டுக்கு அடியில் கனத்த சுரம் கொடுக்கும் பேஸ் கிடார் வாசித்தவள் நான். அதற்கு முன்னால் வயலின், கிடார். இடது மணிக்கட்டில் அறுவை சிகிச்சை ஆனபிறகு பேஸ் கிடாரின் நீண்ட கழுத்தில் விரல்கள் எட்டவில்லை. குழுவை நடத்துவது கீபோர்டு வாசிக்கும் என் தங்கை கணவர். அவரே இடது கையால் என் பங்கையும் வாசிக்க ஆரம்பித்துவிட்டார். நன்றாகவே வாசித்தார், அதுதான் வயிற்றெரிச்சல். இனிமேல் நான் கீழே உட்கார்ந்து மைக்செட்டைப் பார்த்துக்கொள்ளலாமே என்று தங்கையிடம் சொல்லியனுப்பினார். மேடையை விட்டு இறங்க எனக்கு மனமில்லை. கழுத்து குட்டையான உகுலேலேயில், ஒத்திகையில் ஒரே ஒரு பாட்டு வாசித்துக் காட்டுகிறேன், சரிப்படாவிட்டால் மைக்செட் பக்கம் போய்விடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் வந்திருந்தேன்.

உகுலேலே ஒரு பொல்லாத வாத்தியம். முகத்துக்குப் பக்கத்தில் வரும் மேல் தந்தி, கிடாரில் என்றால் எல்லாவற்றிலும் கனத்த சுரம். இதிலோ அது கீச்சென்று உயரத்தில் நிற்கும். என் கட்டைவிரல் இதை ஏற்றுக்கொள்ளவே இல்லை. பழைய நினைப்பில் ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் மேல் தந்திக்கு ஓடும், கனமான சுரம் வருமென்று நம்பித் தட்டும், அசடு வழியும். வீட்டில் தனியாக உட்கார்ந்து அதை வாய்விட்டுத் திட்டியிருக்கிறேன்.

ஒத்திகையிலும் அதே கதைதான். குழுவின் பாடகியான தங்கை மெதுவான பாட்டு ஒன்றை எடுத்தாள். முதல் வரியிலேயே கட்டைவிரல் மேலே போய்விட்டது. தங்கை கணவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார்.

"கஷ்டமா இருந்தா விட்டுடலாம்க்கா."

அந்தக் கரிசனம் சுருக்கென்று தைத்தது.

"கஷ்டமெல்லாம் இல்ல தம்பி. முதல்ல இருந்து எடுங்க."

இந்த முறை நான் விரலைத் தடுக்கவில்லை. போகிறாயா, போய்த் தொலை என்று விட்டுவிட்டேன். அது மேலே போய் அந்த உயர்ந்த சுரத்தைத் தட்ட, மற்ற மூன்று தந்திகளையும் அதன் பின்னால் ஓடவிட்டேன். பேஸில் வாசித்த அதே கணக்குதான், ஆனால் தலைகீழாக. இத்தனை வருடம் அடியில் நின்று தாங்கியவள் கூரைமேல் ஏறிவிட்டேன். தங்கை அடுத்த வரியை எடுக்க மறந்து என்னைத் திரும்பிப் பார்த்தாள். பாடு என்று கண்ணைக் காட்டினேன். பாடினாள். அவள் குரலுக்குக் கீழேயே வாசித்துப் பழகிய எனக்கு, அதன் தோளோடு தோள் உரசி வாசிப்பது இதுதான் முதல் தடவை.

டிரம்ஸ் சேர்ந்ததும் என் சத்தம் அமுங்கிப்போனது. நான் விடவில்லை, வாசித்துக்கொண்டே இருந்தேன். தங்கை கணவர் தலையைச் சாய்த்து என் சுரத்தைத் தேடுவது தெரிந்தது. பிறகு ஒரு கையால் வாசித்தபடியே, மறு கையை இடியை நோக்கி மெல்லத் தாழ்த்திக் காட்டினார்.

இடி குச்சிகளைத் தரையில் வைத்துவிட்டு, விரல் நுனிகளால் டிரம்மைத் தட்டத் தொடங்கினார்.