கன்னியம்மா ஆக்ராவுக்குப் போகிறாள்

1.

இந்தக் கதை மீன் வாங்கப் போன இடத்தில் கிடைத்தது. நான் ஆக்ராவுக்குப் போகத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். எந்த மாதம் பனி குறைவு, எங்கே தங்குவது என்று ராயபுரம் மார்க்கெட்டில் நின்று போனில் விசாரித்துக்கொண்டிருந்தபோது, சங்கரா மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்த ராஜாத்தி நிமிராமலே சொன்னார்: "எங்க வூட்ல ஒர்த்தி வெள்ளக்காரன் காலத்துலயே ஆக்ரா போச்சு. பொண்ணு செத்துப் போச்சுன்னு போச்சு."

போனவள் கன்னியம்மா, இறந்த மகள் மங்கை, துணைக்குப் போனது ஒரு பாய் குடும்பம். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதிக்கு நான் பொறுப்பு.

2.

முதல் தொடக்கம்: "யமுனைக் கரையில், நிலவில் நனைந்த பளிங்கு..." (வேண்டாம். அவள் இன்னும் ராயபுரத்தைவிட்டே கிளம்பவில்லை.)

இரண்டாவது: "ராயபுரம் ரயில் நிலையத்தின் உயர்ந்த தூண்களுக்கு நடுவே..." (தப்பு. ஆக்ரா வண்டி அப்போது சென்ட்ரலிலிருந்துதான். தூண்கள் அழகாக இருக்கின்றன என்பதற்காக ஒருத்தியைத் தவறான நிலையத்தில் நிறுத்த முடியாது.)

நேராகவே சொல்கிறேன். முப்பதுகளின் தொடக்கம். கன்னியம்மா கூடை சுமந்து மீன் விற்றாள். புருஷன் மாரியப்பன் கட்டுமரத்தில் கடலுக்குப் போனான். ஒரே மகள் மங்கை தலைப்பிரசவத்தில், பிள்ளை வெளியே வராமலே, செத்துப்போனாள்.

அப்படிச் செத்தவள் பேரைச் சொன்னால் ஆவியாகத் திரும்பி வருவாள் என்று குப்பத்தில் பயந்தார்கள். வீட்டில் யாரும் அவள் பேரை எடுக்கக் கூடாது என்றான் மாரியப்பன். இப்படி இறந்தவளுக்கு வழியோரம் சுமைதாங்கிக் கல் நடுவது உண்டு. அதற்கும் அவன் ஒப்பவில்லை. திருவொற்றியூர் சாலையில் யாரோ ஒருத்திக்காக நட்ட கல்லின்மேல்தான் கன்னியம்மா தினமும் கூடையை இறக்கி மூச்சு வாங்குவாள். தன் மகளுக்கு அதுகூட இல்லை என்பது அவளுக்குக் கூடையைவிடக் கனத்தது. (இந்த வரியை அடித்திருக்க வேண்டும். விட்டுவைக்கிறேன்.)

3.

ஜன்னத் அவளிடம் வாடிக்கையாக மீன் வாங்குகிறவள். தோல் வியாபாரி ஹபீபுல்லாவின் மனைவி. கான்பூரில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போகிறோம், வழியில் ஆக்ராவில் இறங்கித் தாஜ்மகால் பார்க்கப்போகிறோம் என்று ஒருநாள் சொன்னாள். அது என்ன என்று கன்னியம்மா கேட்டாள். பதினாலாவது பிள்ளையைப் பெற்றுச் செத்துப்போன ராணிக்கு ராஜா கட்டிய கல்லறை என்றாள் ஜன்னத்.

கன்னியம்மா கையிலிருந்த மீனைக் கூடையிலேயே போட்டாள்.

"புள்ள பெறச்சொல்ல செத்தவளுக்கா?"

"ஆமா."

"அவ பேர வெளில சொல்றாங்களா?"

"ஒலகமே சொல்லுது. மும்தாஜ்."

"நானும் வர்றேன் பீபிம்மா."

4.

ஜன்னத் சிரித்தாள். இவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று புரிந்ததும் சிரிப்பு நின்றது. ஹபீபுல்லா முடியாது என்றார். குப்பத்தில் கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன் என்றார். கன்னியம்மா வாதாடவில்லை. தினமும் வாசலுக்கு வந்து வேறு ஏதாவது கேட்டாள்: வண்டி எங்கே மாறணும், அங்கே என்ன சாப்பாடு, குளிர் எப்படி. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி முடித்த பிறகுதான், அவளை அழைத்துப்போகத் தாம் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது ஹபீபுல்லாவுக்கே தெரிந்தது.

செலவுக்கு மூக்குத்தி போயிற்று. குளிருக்காக, துறைமுக வாசலில் கப்பல்காரன் ஒருவனின் பழைய கம்பளிச் சட்டையை வாங்கினாள்.* முழங்கால்வரை தொங்கியது. மெட்ராஸ் வெயிலில் அதைப் போட்டு நடந்து பார்த்தாள். குப்பமே சிரித்தது. அவள் கழற்றவில்லை. வழிக்குக் கருவாடு எடுத்துவந்தால் பெட்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று ஜன்னத் சொன்னபோது, அந்த ஒன்றுக்கு மட்டும் விட்டுக்கொடுத்தாள்.

* சட்டை என் கற்பனை. ராஜாத்தியிடம் கேட்டேன். "இருக்கும், அது அப்டித்தான் செய்யும்" என்றார்.

5.

முதல் பிரதியில் மாரியப்பன் அந்தச் சட்டையை அடுப்பில் போடுகிறான். எழுதிவிட்டுப் படித்தேன், நம்ப முடியவில்லை. கிழித்தேன்.

அவன் சொன்னது இதுவாகத்தான் இருக்க வேண்டும்: கல்லறை பார்க்க வேண்டாம், காசிக்குப் போகலாம், நானும் வருகிறேன்.

"பேரு சொல்லாம, யாருக்குன்னு கங்கைல முங்குவ?" என்றாள் கன்னியம்மா.

அவன் வலையைத் தூக்கிக்கொண்டு கடலுக்குக் கிளம்பினான்.

ஆவிக்குப் பயந்தவன் என்றே அவனை நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. கூப்பிட்டும் மகள் வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்றுதான் அவன் பயந்திருக்கிறான்.

6.

முடிவு ஒன்று: மாரியப்பன் ஸ்டேஷனுக்கு வந்து அவளை இழுத்துப்போகிறான். (அவளை யாராலும் இழுக்க முடியாது.)

முடிவு இரண்டு: கடைசி நிமிடம் அவனும் மூட்டையோடு ஏறிக்கொள்கிறான். (தித்திப்பு அதிகம்.)

நான் வைத்துக்கொண்டது இது. அவன் வந்தான். கடலிலிருந்து நேராக, கையில் உப்பு காயாமல். ஜன்னலுக்கு வெளியே வெகுநேரம் நின்றான். உள்ளே அவள் இப்போதே கம்பளிச் சட்டையில் வியர்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜன்னலாண்ட குந்தாதமே. கரி கண்ல வுழும்."

அவள் நகர்ந்து உட்கார்ந்தாள். வண்டி அசைந்தது. அவன் கூடவே நடந்தான்.

"அங்க உள்ள போயி மங்கைன்னு சொல்லு. சத்தமா சொல்லு. சொன்னா அந்தக் குண்டு கூரைல சத்தம் மேலயே சுத்தி நிக்குமாம். பாயாண்ட கேட்டேன்."

வண்டி வேகம் பிடித்தது. அவள் ஏதோ பதில் சொன்னாள். ஊதல் ஓசையில் அவனுக்கும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கவில்லை.

7.

திரும்பி வந்தாளா என்று ராஜாத்தியிடம் கேட்டேன். வந்த மறுநாளே கூடை தூக்கினாளாம். அங்கே போய்ச் சொன்னாளா, எப்படிச் சொன்னாள் என்பது அவருக்குத் தெரியவில்லை. நானே எழுதிவிடலாம். பலமுறை உட்கார்ந்தும் பார்த்தேன். மாரியப்பன் அதைச் சொல்லச் சொன்னது அவளிடம், என்னிடம் அல்ல.

ஆகவே கடைசி வாக்கியத்தைப் பாதியில் விடுகிறேன். உங்கள் வீட்டிலும் சொல்லாமல் வைத்திருக்கும் பேர் ஒன்று இருந்தால், அதைச் சொல்லி நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்:

கன்னியம்மா தாஜ்மகாலின் அந்தக் கூடத்தின் நடுவே வந்து நின்று, தலையை உயர்த்தி, மூச்சை நன்றாக இழுத்து,