இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்குக் கேட்ட இசை

1994 அக்டோபர் 14, வெள்ளிக்கிழமை, மேயோ மாவட்டத்துப் பலினா ஊரின் நடன மண்டபத்தில் ‘ஈரத் தீக்குச்சிகள்’ என்ற ராக் இசைக்குழு முந்நூறு பேர் முன்னால் வாசித்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு மட்டும் இசை கேட்டது. மற்றவர்கள், நான்கு தாடிக்காரர்கள் சத்தமில்லாமல் கையசைப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எதிரிலிருந்த பப்புக்குப் போனார்கள். ஒலிபெருக்கிக் கோளாறு என்று பத்திரிகை ஒன்று எழுதியது. அடுத்த மூன்று ஆண்டுகளில் ரசிகர்கள் விதியைக் கண்டுகொண்டார்கள்: புதிதாக ஒருவருக்குக் கேட்கத் தொடங்கினால், பழையவர் ஒருவருக்குக் கேட்காமல் போகும். கால்வேயில் ஒரு தபால்காரர் பாட்டின் நடுவே கைதட்டுவதை நிறுத்தினார். அவர் வீட்டுக் கேசட்டுகளிலும் அதன்பின் வெறும் இரைச்சல்தான். அன்றிலிருந்து யாரும் குழுவின் பெயர் போட்ட சட்டையை அணியவில்லை. மண்டபத்தில் பாதி நேரம் மேடையைப் பார்த்தார்கள், மீதி நேரம் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

பல் மருத்துவமனையில் வரவேற்பாளராக இருந்த டெர்வ்லா டூஹிக்கும் கேட்டது; அந்த இருநூற்றுப் பன்னிரண்டில் தன் இடத்தை இழக்க அஞ்சிக் கணவன் ஃபெர்கலிடம்கூட வாய் திறக்கவில்லை. அவன் வேறு கணக்குப் போட்டான்.

“வெள்ளிக்கிழமையானா எங்கடி போற? அவன் பேரையாவது சொல்லித் தொலை.”

“ஒருத்தன் இல்ல, நாலு பேரு. நாலு பேருக்கும் தாடி. போதுமா?”

போதவில்லை. 1998 பிப்ரவரியில் ஸ்லைகோவில் நடந்த நிகழ்ச்சிக்குப் பின்தொடர்ந்து வந்து கதவருகே நின்றான். இரண்டாவது பாட்டில் அவன் தலை ஆடத் தொடங்கியதை டெர்வ்லா பார்த்தாள். தன் காதுகளைப் பொத்தித் திறந்து பார்த்தாள். கேட்டது.

நிகழ்ச்சி முடிந்ததும் பழைய ரசிகையான பள்ளி ஆசிரியை கன்செப்டா, கேட்காமல் போனவரைக் கண்டுபிடிக்க வாசலை மறித்துக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் கடைசிப் பாட்டின் முதல் வரியைக் கேட்டாள். எல்லோரும் சொன்னார்கள். ஃபெர்கலும் சொன்னான்.

“புருஷனா? ஏம்மா, எங்கம்மா சாகக் கிடந்தப்பகூட நான் இந்தக் குழு பேர வெளிய விடல. நீ குடும்பத்தோட வர்றியா?”

“நான் கூட்டிட்டு வரல. அவரா வந்தாரு.”

“எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க.”

யாருக்குக் கேட்காமல் போனது என்று தெரியாமல் சந்தேகத்தோடு கலைந்தார்கள். அவர்கள் கணக்கில் எடுத்தது மேடைக்குக் கீழே நின்றவர்களை மட்டும். டெர்வ்லா மட்டும் ஒன்றைக் கவனித்திருந்தாள்: பேஸ் கிதார் வாசிக்கும் மாலக்கி, இரண்டாவது பாட்டிலிருந்து டிரம்மரின் தாளம் மிதிக்கும் வலது பாதத்தை விட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை. வேனில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்த அவர் அவளை நிறுத்தினார்.

“இன்னிக்கு எப்படிம்மா இருந்துச்சு?”

“ஏன், உங்களுக்குத் தெரியாதா?”

“நீ சொல்லேன்.”

“நல்லா இருந்துச்சுங்க.”

அவர் அவளையும் பின்னால் நின்ற ஃபெர்கலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வேன் கதவைச் சாத்தினார்.

குழு மேலும் பதினோரு ஆண்டுகள் வாசித்தது. மாலக்கி டிரம்மரின் பாதத்தைப் பார்த்தே வாசித்தார், தாளம் தவறவில்லை. டெர்வ்லாவும் ஃபெர்கலும் ஒரு நிகழ்ச்சியையும் விடவில்லை. வேறு யாரையும் அழைத்து வரவுமில்லை.